தனியை வெட்டச் சொன்னார்கள், நைனா

என் அன்பு நைனாவுக்கு,

நீ போன பிறகு உன்னை எங்கே தேடுவது என்று தெரியாமல் இருந்தேன். வீட்டில் உன் போட்டோ என்று இருப்பது இரண்டே இரண்டு. இரண்டிலும் கண்ணைப் பாதி மூடியிருக்கிறாய். ஊரையெல்லாம் படம் பிடித்த ஆளுக்கு உருப்படியாக ஒரு போட்டோ இல்லை. ஆனால் இப்போது தினமும் தி. நகர் ஆபீசில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் உன்னோடுதான் இருக்கிறேன். எப்படி என்று கேள்.

மயிலாப்பூர் சபா ஒன்றின் பழைய மார்கழிக் கச்சேரி டேப்புகளை எங்கள் கம்பெனி வாங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் டிவியில் ஒளிபரப்பானவை. ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலைத் துடைத்து, இன்டர்நெட்டில் போடுவது என் வேலை. முதல் டேப்பின் கடைசியில் ஓடிய எழுத்துகளில் உன் பெயரைத் தேடினேன். ‘ஒளிப்பதிவு: குழுவினர்’ என்று இருந்தது. குழுவினராம். அந்தக் குழுவினருக்கு நான்தான் விடிகாலையில் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

பெயர் போடாவிட்டால் போகட்டும். நீ எந்த கேமராவில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றாம் நம்பர், பாடுகிறவர் முகத்துக்கு. மூன்றாம் நம்பர், அரங்கத்துக்கு, அதாவது முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்கு. இரண்டாம் நம்பர் வயலின் பக்கம் ஓரமாக நின்று, எதிரே இருக்கும் மிருதங்கத்தைப் பார்க்கும். சீனியர்கள் யாரும் கேட்டு வாங்காத இடம் அது. அதனால் உனக்கு வந்தது. திரையில் மிருதங்கம் வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அந்தப் படத்தில் நீ எங்கேயும் இல்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது நீதான்.

உனக்குச் சங்கீதம் தெரியும் என்று யாரிடமும் பீற்றிக்கொள்ள மாட்டேன். உனக்கு ஒரு ராகம் தெரியாது. “நேத்து செவப்புப் பொடவ, இன்னிக்கு ஜரிகை ஜிப்பா” என்றுதான் கச்சேரிகளை அடையாளம் சொல்வாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வடபழனி வீட்டில் சினிமாப் பாட்டுதான் அலறும். பிறகு எதற்காக அந்த ஒரு நாள் அப்படி அடம்பிடித்தாய்?

எல்லாக் கச்சேரியிலும் அந்த நேரம் வரும். பெரிய பாட்டு ஒன்றைப் பாடி முடிக்கிற சமயத்தில் பாட்டு நிற்கும், வயலின் நிற்கும், மிருதங்கம் மட்டும் வாசிக்கும். தனி ஆவர்த்தனம். வாய்க்குச் சுருக்கமாகத் தனி. அதுவரை பயபக்தியோடு உட்கார்ந்திருந்த ஜனத்துக்கு அந்த நிமிடத்தில்தான் கேன்டீன் ஞாபகம் வரும், செருப்பு ஞாபகம் வரும், கார் டிரைவர் ஞாபகம் வரும். கூட்டமாக எழுந்துவிடுவார்கள்.

இன்டர்நெட்டில் வந்து எழுதுகிறார்கள், அந்தக் காலத்து ரசிகர்கள் அசையாமல் கேட்பார்களாம், இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லையாம். எனக்குச் சிரிப்பாக வருகிறது. ஜனம் எழுந்து போவதை கேமராவில் காட்டாமல் மறைத்துவிட்டார்கள், சரி. மைக்கை என்ன செய்வது? எந்த டேப்பை வேண்டுமானாலும் போட்டுப் பார், தனி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மடக்கு நாற்காலிகள் டப் டப்பென்று மடங்குகிற சத்தம் கேட்கும். அதையும் மீறி அந்த மனுஷன் வாசித்துக்கொண்டிருப்பார்.

நான் தேடிக்கொண்டிருந்த டேப் போன மாதம் கையில் கிடைத்தது. சிவப்புப் புடவை கச்சேரி. நீ வேலையைத் தொலைத்துவிட்டு வந்தாயே, அந்தக் கச்சேரி.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து அம்மாவிடம் சொன்னதெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. தனி ஆரம்பித்ததும் வெளியே வேனில் உட்கார்ந்து எந்த கேமராவின் படம் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற டைரக்டர் காதுக் கருவியில் சொன்னார், கேமரா இரண்டு, முன்வரிசைக்குப் போ, தலைமை விருந்தாளியைக் காட்டு என்று. மூன்றாம் கேமராவில் தெரிந்ததெல்லாம் எழுந்து போகிறவர்களின் முதுகு. ஒன்றாம் கேமராவில் பாடகி பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நீ திரும்ப மறுத்துவிட்டாய். கத்தினாராம். நீ அசையவில்லை. காட்டுவதற்கு வேறு படம் இல்லாமல் தனி முழுவதும் உன் கேமராதான் ஓடியது.

“ஒரு ஆளோட கைய காட்டறதுக்கு வேலைய வுட்டுட்டு வந்து நிக்கிறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?” என்று அம்மா கேட்டாள்.

நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாய். “ரெண்டு மணி நேரமா அந்தாளு அந்தம்மா பின்னாலயே போய்க்கினு இருந்தாரு. இப்பத்தான் அவுரு பேச வாய தொறக்குறாரு. பேசச்சொல்ல நான் மூஞ்சிய திருப்பிக்கணுமா? இன்னா நியாயம் இது?”

அடுத்த மார்கழிக்கு உன்னை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த மார்கழிக்கும் இல்லை. வடபழனியில் கல்யாணம் கல்யாணமாகப் போய் வீடியோ எடுத்தாய். அந்தப் பேச்சு வீட்டில் திரும்ப வரவே இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். நீ என்ன தப்பு செய்தாய்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவர். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“தேன்மொழி, இந்த கிராஃப பாருங்க. தனி வந்ததும் பாதிப் பேர் கழண்டுக்கறாங்க. தொடக்கத்துல கொஞ்சம், முடிவுல கொஞ்சம் வச்சுட்டு நடுவுல வெட்டிடுங்க. எல்லா டேப்புலயும்.”

“அரங்கத்துலயும் அப்பதான் சார் கழண்டுக்கிட்டாங்க. அதுக்காக அவரு வாசிக்கறத நிறுத்தலையே?”

“அது வேற. இது பிசினஸ்.”

எல்லா டேப்பிலும் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார்த்தேன். மற்ற நேரத்தில் உன் கேமரா நடுநடுவே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நீ நின்று நிதானமாகப் பார்த்ததெல்லாம் தனியில்தான். அதை வெட்டினால் சபா மிஞ்சும், பாடகி மிஞ்சுவார், முன்வரிசைக்காரர்களின் பட்டு அங்கவஸ்திரம்கூட மிஞ்சும். நீ மிஞ்ச மாட்டாய். உன்னை ஒருமுறை அனுப்பினார்கள். இப்போது உன் மகள் கையாலேயே இன்னொரு முறை அனுப்பச் சொல்கிறார்கள்.

சண்டை போடவில்லை, நைனா. அவர் சொன்னபடியே சிவப்புப் புடவை டேப்பை வெட்டினேன். வெட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாடகி ஒரு வரியைப் பாடி நிறுத்துகிறார். மிருதங்கம் கொஞ்சம் கேட்கிறது, அறுபடுகிறது. அடுத்த நொடி அதே வரியை மறுபடி எடுக்கிறார். ஆனால் ஆளே மாறியிருக்கிறார். முகமெல்லாம் மலர்ந்து, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறார். வயலின்காரரும் சிரிக்கிறார்.

மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார். “எதுக்குச் சிரிக்கிறாங்க?”

“அதத்தான் சார் வெட்டச் சொன்னீங்க.”

முழுசாகப் போட்டுக் காட்டினேன். நின்றுகொண்டே பார்த்தவர் பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொடையில் தாளம் போட்டார், இடையில் தப்பவிட்டார், மறுபடி பிடித்துக்கொண்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“சரி. இது ஒண்ணு முழுசா போகட்டும். மத்ததுல வெட்டிடுங்க.”

“மத்ததுலயும் வெட்ட மாட்டேன் சார்.”

“அப்ப வேற ஆள வச்சுத்தான் வெட்டணும்.”

“வைங்க சார். வர்றவங்களுக்கும் இதப் போட்டுக் காட்டிட்டுத்தான் போவேன்.”

அவர் போனைப் பார்த்தபடி எழுந்து போய்விட்டார். எனக்குப் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். வீட்டு வாடகையை நினைத்தேன், அம்மாவின் மாத்திரையை நினைத்தேன். அதன் பிறகும் கை வெட்டுகிற பொத்தானுக்குப் போகவில்லை. வேறு ஆளை இன்னும் அவர் கொண்டுவரவில்லை. தேடுகிறாரா, மறந்தமாதிரி இருக்கிறாரா, தெரியவில்லை.

சிவப்புப் புடவை கச்சேரி முழுசாக இன்டர்நெட்டில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். உன் மேல் இருக்கிற கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. “இன்னாத்துக்கு எனுக்கு இந்தப் பாட்டெல்லாம்?” என்று முனகிக்கொண்டேதான் வந்தாள். தனி ஆரம்பித்தது. சொல்லிவைத்த மாதிரி சமையலறையில் குக்கர் விசிலடித்தது. அவளும் எழுந்தாள்.

“நீயுமாம்மா?” என்றேன்.

“நிறுத்தி வையி. வந்து பாக்குறேன்,” என்றாள். நிறுத்தி வைத்தேன். வந்து உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “ம், போடு” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. வலது கை, இடது கை, வியர்வை சொட்டுகிற நெற்றி, மறுபடி கை. எங்கே போகவேண்டுமோ அங்கே போனாய், அவசரப்படவில்லை. கடைசியில் தனி முடிந்து, பாடகியின் குரல் வரியை எடுக்கிறது. எழுந்து போகாமல் இருந்த கொஞ்சம் பேர் கை தட்டுகிறார்கள். அந்த இடத்தில், அதுவரை ஒரு நூலளவு ஆடாத உன் படம், மெதுவாகக் கீழே சரிகிறது. மிருதங்கம் மேலே நழுவிப் போய் வெறும் ஜமக்காளம் தெரிகிறது. டைரக்டர் பதறி வேறு கேமராவுக்கு மாற்றுகிறார்.

ஆபீசில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கை வலித்திருக்கும், பாவம் என்று நினைத்தேன். அம்மா ஒரே தடவை பார்த்தாள்.

“கை தட்றாரு,” என்றாள்.

“யாரும்மா?”

“உங்க நைனாதான். சந்தோசம் வந்தா கையில கீறத வுட்டுடுவாரு. நீ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில டீ கிளாஸ வுட்டாரு. இங்க கேமராவ வுட்டுட்டு கை தட்றாரு பாரு.” சொல்லிவிட்டு அழுதாள். அதற்குள்ளேயே, “வேலையா முக்கியம் இந்தாளுக்கு?” என்று உன்னைத் திட்டவும் செய்தாள். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். நானும் அழுதேன்.

இன்று காலை மேனேஜர் செய்தி அனுப்பியிருக்கிறார். தனி முடிகிற இடத்தில் படம் சரிகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அதை நிமிர்த்திவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று. இப்போது அதற்கெல்லாம் ஒரு பொத்தான் இருக்கிறது, நைனா. அழுத்தினால் போதும், நீ கேமராவை விட்டதே இல்லை என்று ஆகிவிடும்.

அழுத்த மாட்டேன். அவருக்குப் பதில் எழுதிவிட்டேன்: ‘படம் சரிஞ்சு போகல சார். எங்க நைனா கை தட்டறார்.’ இன்னும் பதில் வரவில்லை. வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். அனுப்புகிற நாள் வரைக்கும் அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு டேப்பையும் முழுசாக ஏற்றுவேன். ஒரு தனியையும் வெட்ட மாட்டேன். நீ கைதட்டிய அந்த இடத்தில், உயிர் போனாலும், யாரையும் கைவைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன்னை மாதிரியே அடங்காத உன் பொண்ணு,
தேனு