மேகம் என்று சொன்னாயே

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய்.

தம்பிக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிறார். எனக்குத் தையல் கடையில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது, அதற்கு நடுவில் உன் சிநேகிதி வந்து நின்றாள். அதுதான், நீ ராத்திரியெல்லாம் தொலைநோக்கியில் பார்க்கிற நட்சத்திரத்தை உனக்கு விடிந்ததும் தன் நாட்டிலிருந்து தொடர்ந்து பார்ப்பாளே, அவள். ஏதோ கூட்டத்துக்குப் போகிற வழியாம். விடாமல் பார்த்தால்தான் அதன் துடிப்பு பிடிபடுமாம், அதனால் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் முறை வைத்துக்கொண்டிருக்கிறீர்களாம். நன்றாக இருக்கிறது! எரிந்து முடிந்து, சுருங்கி, ஆறிக்கொண்டிருக்கிற கிழட்டு நட்சத்திரம், சில நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் கொஞ்சம் கூடிக் கொஞ்சம் குறைகிறது, அதற்கு நாடி பிடிக்க நாட்டுக்கு நாடு ஆள். நானும் ஆறிக்கொண்டிருக்கிற கட்டைதான், என்னை யார் பார்க்கிறீர்கள்? எனக்கென்று ஒரு சக்களத்தி வானத்திலா வந்து வாய்க்கவேண்டும்!

நீ போன மாதம் அனுப்பிய அந்த நட்சத்திரத்தின் வரைபடத்தைத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிற கோடு, நடுவில் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. என்னடி இது என்று கேட்டதற்கு, மேகம்மா, வானமே தெரியலன்னு போனில் சொன்னாய். நானும் நம்பினேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்கிறாள், ஆமாம்மா, இவ காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தப்போ விழுந்த இடைவெளி இது, முறை மாத்த எங்கிட்ட பேச வரல, மனசு கேக்காம அங்க ஆளை அனுப்பிக் கதவைத் திறக்கவெச்சேன், ஆஸ்பத்திரில சேர்த்தாங்கன்னு. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், வயிறுதான் எரிந்தது. பெற்றவள் நான் இங்கே வரைபடத்துக்குப் பொட்டு வைக்காத குறையாக உட்கார்ந்திருக்கிறேன், எவளோ ஒருத்திக்கு நீ ஒருநாள் பேசாவிட்டால் என்ன ஆனாய் என்று தெரிகிறது. நீ நின்றுகொண்டே சாப்பிடுவது முதற்கொண்டு சொல்கிறாள், என்னை வேறு அம்மா அம்மா என்கிறாள். டீ கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது பார்த்தால் அவள் போட்டிருந்த கோட்டில் ஒரு பொத்தான் தொங்குகிறது. கழற்று என்று அதட்டி வாங்கித் தைத்துக் கொடுத்தேன், அதுவும் இறுக்கமாகத்தான் தைத்தேன்.

இனிமேல் இப்படிச் செய். விடிந்ததும் நட்சத்திரத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டு உன்னை என்னிடம் ஒப்படை. இருமலா, தும்மலா, அழுகையா, இருக்கிறபடி சொல், கூடக் குறைய இருந்தால்தான் எனக்கும் பிடிபடும். ஒருநாள் கூப்பிடாவிட்டாலும் மேகம் என்று நினைக்கமாட்டேன், சீருடையை அப்படியே போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிவிடுவேன்.

நோய்நொடி அண்டாமல் நீடூழி இரு கண்ணே. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. அவளுக்கும் என் ஆசீர்வாதம், பொத்தான் நிற்கிறதா என்று கேள்.

இப்படிக்கு,
அவளுக்கு அடுத்த முறைக்காரி,
அம்மா