கிண்ணத்தின் அடிப்பக்கம்

மார்ச் 3, திங்கள்

சவரச் சோப்புக்கான மரக்கிண்ணங்களை எல்லாம் கடைந்து முடித்துவிட்டேன். இந்த மாதிரி வழவழப்பை மரமே தன் வாழ்நாளில் பார்த்திருக்காது. நான் எட்டாவதோடு நின்றவன்தான். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லை.

இது அக்கா மகள் பிடித்து வந்த முதல் ஆர்டர். இருந்த வேலையை விட்டுவிட்டு, நான் கடைவதை விற்கும் தொழிலில் இறங்கியிருக்கிறாள். புதிதாகத் திறக்கப்போகும் சலூனில் நாற்காலிக்கு ஒரு கிண்ணம், மீதி கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு. சரியாக அமைந்தால் சலூன்காரரின் மற்ற கடைகளுக்கும் நாங்கள்தான். சொதப்பினால் அவள் பேர் கெட்டது.

"மாமா, மரத்துல தண்ணி நிக்குமா?" என்றாள்.

"நான் பூசுற பூச்சுக்கு இதுல ஏறிக் கடலையே தாண்டலாம்."

அக்கா உள்ளேயிருந்து, "அவன் வாயில அடைமழை பெய்யும், கையில தூறல்கூட விழாது. பாத்துக்கோடி" என்றாள். கூடப் பிறந்தவள், பொறாமை இருக்கத்தானே செய்யும்.

மார்ச் 5

வார்னிஷ் வேலை. முதல் பூச்சைத் தின்னர் கலந்து நீர்க்க அடித்தேன். அதை மரம் மடமடவென்று குடித்துவிடும். காய்ந்ததும் தேய்த்து இரண்டாவது பூச்சு. அதற்குக் கொஞ்சம் யோசிக்கும். மூன்றாவதை வேண்டாம் என்று தள்ளும். அப்போதுதான் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். இதை எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. (மரக்கடைக்காரர் லேசாகச் சொன்னார்.)

உள்ளேயும் வெளியேயும் பூசினேன். அடியில் பூசவில்லை. வழுக்காமலிருக்க அங்கே ரப்பர் வட்டம் ஒட்டவேண்டும்; வார்னிஷ் மேல் பசை பிடிக்காது, வெறும் மரத்தில்தான் உடும்புப்பிடி பிடிக்கும்.

"அடியில ஒண்ணும் பூசலையா மாமா?"

"கீழேருந்து மேல மழை பெஞ்சு நீ பாத்திருக்கியா?"

சிரித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 9

வார்னிஷ் காய்ந்து பிசுக்கு போய்விட்டது. கண்ணாடி தோற்றது.

மார்ச் 12

கிண்ணங்கள் சலூனுக்குப் போய்விட்டன. மாதிரிக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. மரத்தில் முடிச்சு விழுந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டு அதிலேயே நுரை அடித்துச் சவரம் செய்தேன். பத்து வயது இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்னை யாரோ என்று நினைத்து 'சார்' என்று கூப்பிட்டார். கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது.

மார்ச் 17

காலையில் கிண்ணத்தை எடுத்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு. சோப்பு நுரைதான் என்று துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்தால் நகம் இறங்குகிறது. அடியிலிருந்து விளிம்புவரை விரிசல்.

ரப்பரைப் பிய்த்தேன். உள்ளே சொதசொத ஈரம். வாய்வழியாக ஒரு சொட்டு குடிக்கவில்லை. பாதத்தால் குடித்திருக்கிறது. கைகழுவும் மேடையில் தண்ணீர் தேங்கும் — தேங்காத மேடை எங்கேயாவது உண்டா? சலூன் மேடை எப்படி இருக்கும்? நாள் பூராவும் ஈரம்தானே.

முடிச்சு விழுந்த மரம், அதனால்தான். அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படித்தானா?

மாதிரிக்கு வைத்த கிண்ணத்தில் முடிச்சு இல்லை. அதைத் தட்டில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 19

அதுவும் போச்சு.

வெள்ளிக்கிழமை கடை திறப்பு. சலூன்காரர் அவள் பேரை ஒரு அட்டையில் எழுதிக் கிண்ணங்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாராம். போனில் சொல்லும்போது அவள் குரலில் அப்படி ஒரு குஷி. நான் என்னடா சொல்றது? 'ரொம்ப நல்லதும்மா'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

ஒரு பொய் தயார் செய்திருக்கிறேன். சலூன்காரர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார், எந்த மரம் தாங்கும்? அழகான பொய். மாட்டவே மாட்டேன். ஆனால் அவள் அதை நம்பி அந்த ஆளிடம் போய் எனக்காகச் சண்டை பிடிப்பாள். அதுதான் இடிக்கிறது.

மார்ச் 20

சலூனுக்குப் போனேன். அவள் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தாள். சலூன்காரர் கிண்ணங்களைக் கழுவி ஈர மேடையிலேயே வரிசையாக வைத்திருந்தார்.

வாயைத் திறந்தேன். பொய் நுனிநாக்கில்தான் இருந்தது. "எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. அடியில பூசாம விட்டுட்டேன். வெடிச்சிரும்" என்றேன். இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதே கிடையாது.

சலூன்காரர் தன் கையைப் பார்த்தார். "நாளைக்குத் திறப்பு. நுரையை நான் உள்ளங்கையிலயா அடிக்கறது?"

"நாளைக்கு ஸ்டீல் கிண்ணத்துல அடிங்க, அண்ணே" என்றாள் அவள். "இத நான் சரிபண்ணித் தர்றேன். முதல்ல ஒண்ணே ஒண்ணு. ஈரத்துலயே போட்டு வைங்க. தாங்கலைன்னா மத்தத நானே கொண்டுவர மாட்டேன்."

'தர்றோம்' இல்லை, 'தர்றேன்'. தன் பேர் எழுதிய அட்டையை அவளே எடுத்துப் பைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 29

ரப்பர் எல்லாம் பிய்த்தாயிற்று. நிழலில் கவிழ்த்து உலர்த்தி அடியைத் தேய்த்தேன். இனி ரப்பர் கிடையாது. முதலில் ஒரு கிண்ணத்துக்கு மட்டும் அடி நடுவைக் குடைந்து பள்ளமாக்கி விளிம்பில் மட்டும் நிற்கவைத்திருக்கிறேன். பள்ளத்துக்கும் விளிம்புக்கும் மூன்று பூச்சு. பூசியது அவள். அவள் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 5

சலூனுக்கு ஒன்று போயிருக்கிறது. போன் அடித்தாலே பக்கென்கிறது.

ஏப்ரல் 16

மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்றாள். சலூனுக்குப் போன கிண்ணம் அன்றிலிருந்து ஈரத்திலேயே கிடக்கிறதாம். ஒரு கீறல் இல்லையாம். சலூன்காரர் மீதியையும் கேட்கிறார், அட்டையோடு.

சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உள்பக்கம் நீங்க தேய்ங்க மாமா. அடிப்பக்கம் எங்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. வெளியில் சொல்லும்போது மூன்று மணி நேரம் என்று சொல்லிக்கொள்வேன்.