பத்து எண்ணும் வரை

உன் கேமராப் பையைத் திறந்தேன். வாரில் இன்னும் மெஷினுக்கு ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாசம். ஷிப்ட் முடிந்து எத்தனை முறை சோப்புப் போட்டாலும் உன் கையை விட்டுப் போகாத அதே வாசம். பக்கத்து ஜிப்பில் மெமரி கார்டு இருந்தது. வெள்ளிக்கிழமை உன் மனைவி வந்து வாங்கிக்கொள்ளப் போகிறாள். "அண்ணா, அதுல அவரு பேசியிருக்காராமே, பாப்பாவுக்குக் காட்டணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

நம் இருவருக்கும் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு ஆவணப்படம்தான். நாடக மேடையில் வில்லனாகவே காலம் தள்ளிய கிழவர் ஒருவரைப் பற்றியது. சூளகிரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எத்தனை தடவை பார்த்திருப்போம்! "நடிப்பை விட்டதுல வருத்தமா?" என்று கேட்கிறார்கள். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று கிழவர் சிரிக்கிறார். கேமரா நிற்கவில்லை. சிரிப்பு மெல்ல வற்றுகிறது. மழித்துவிட்ட மீசையை விரல் தேடுகிறது. நீ படத்தை நிறுத்தி என் தொடையில் ஓங்கி அடித்தாய்.

"பாத்தியாடா? பதிலு இப்பத்தான் வருது. ஆளு பேசி முடிச்சா மனசுக்குள்ள பத்து எண்ணு. அப்புறந்தான் நிறுத்தணும்."

கர்நாடக எல்லையோரம் தளியில் ரோஜாத் தோட்டக்கார அம்மாவிடம் அதைப் பரீட்சை பார்த்தோம். பனியில் கருகிய பூவைப் பற்றிக் கேட்டதற்கு, ஒன்றுமில்லை விடுங்கள் என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். நீ எண்ணினாய். பத்து வருவதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அன்றைக்கே பயமாக இருந்தது.

பிறகு உனக்கு நோய் வந்தது. இரண்டாவது கீமோ முடிந்த வாரம், "லைட் டெஸ்ட்டுடா, எடு" என்று ஜன்னலோரம் உட்கார்ந்தாய். "எப்படி இருக்க?" என்று கேட்டேன். "சூப்பரா இருக்கேன்" என்று சிரித்தாய். எண்ண எனக்குத் துணிச்சல் இல்லை. பட்டனை அமுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே ஓடினேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மழைக்கு நீ இல்லை.

நேற்று கார்டைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காட்சி நான் நிறுத்திய இடத்தில் நிற்காமல் மேலே ஓடியது; சட்டென்று மூடிவிட்டேன். பதற்றத்தில் பட்டன் சரியாக அமுங்கவில்லை போலிருக்கிறது. மீதியில் உன் முகம் எப்படி இருக்கும்? அதை உன் பிள்ளை பார்க்கலாமா? அழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேனடா, மன்னித்துவிடு.

இன்று காலையில்தான் பார்த்தேன். நான் ஓடும் காலடிச் சத்தம் கேட்கிறது. உன் சிரிப்பு வற்றுகிறது. உதடு துடிக்கிறது. நான் பயந்த முகம் அப்படியே வருகிறது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிவதை நீ பார்த்திருக்கிறாய். மடியிலிருந்த கைகளைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி, எனக்குப் பதிலாக நீயே எண்ணுகிறாய். பத்தாவது விரலையும் மடக்கிவிட்டு நேராகப் பார்க்கிறாய்.

"எனக்கும் பயமாத்தான்டா இருக்குது. இப்ப வந்து நிறுத்திக்க." நான் வரவில்லை; நீயே எழுந்து வந்து பட்டனை அமுக்குகிறாய்.

வெள்ளிக்கிழமை கார்டை முழுசாகவே கொடுக்கப் போகிறேன். நீ போனதிலிருந்து உன் மனைவியிடம் நான் கேட்காத ஒன்றையும் கேட்கப் போகிறேன். "எப்படிம்மா இருக்க?" என்பேன். "நல்லா இருக்கேண்ணா" என்பாள். உடனே எழுந்து ஓடிவிடாமல் பத்து எண்ண வேண்டும்.