கதவில் மிதந்து கரையேறியவர்கள்

மார்ச் 4

அன்புள்ள கரண்டிக்கு,

நலம், நலமறிய ஆவல். முப்பது வருடம் கழித்து என் கடிதத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறாதே. நம் கப்பல் கிடைத்துவிட்டது! ஏரிக்கடியில் நூறடி ஆழத்தில், பாய்மரம்கூடச் சாயாமல் நிற்கிறதாம். முக்குளிப்பவர்கள் படம் எடுத்து வந்திருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்துப் பெண் ஒருத்தி அதன் வரலாற்றை எழுதுகிறாள். ஐந்து பேரில் இப்போது மிச்சம் சமையல்காரன் நீயும் சுக்கான் பிடித்த நானும்தான். இருபத்தாறு வருடம் அந்த மரக்கப்பல் கூரை ஓடு, செங்கல், உப்பு, ஒருமுறை ஒரு பியானோ என்று சுமந்ததைச் சொன்னேன். கடைசிச் சரக்கு பள்ளிக்கூடத்துக்கான அறுபது கதவுகள், ஆளுக்கொரு கதவில் மிதந்துதான் கரையேறினோம் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். கேப்டன் கரைக்கு வந்த பிறகும் கதவின் கைப்பிடியை விடவில்லையே, அதையும் சொன்னேன்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "பாறையில மோதினப்போ சுக்கான் யார் கையில இருந்துச்சு சார்?"

விசாரணையில் சொன்னதையே சொல்லட்டுமா? எழுது.

உன்,
சுக்கானி

மார்ச் 11

அன்பு நண்பனுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். மகளின் மெஸ்ஸில் இன்று எல்லோருக்கும் அடிப்பிடித்த சோறுதான்.

உண்மையைச் சொல்லிவிடு. அன்று காலை ஒரே பனிமூட்டம். "பத்தே நிமிஷம் பிடிடா, சூடா ரெண்டு வாய் போட்டுட்டு வந்துடறேன்" என்று நீ கீழே போனாய். முன்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பனி என்று நினைத்து நேராக விட்டேன்.

விசாரணையில் நீ எழுந்து "என் கையிலதான் இருந்துச்சு" என்றாய். உன் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். நான் ஊமை மாதிரி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு உன் வீட்டுப் படி ஏறுவது? உன் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில்கூட நான் ஏறியதில்லை.

என்னைப் பற்றி எழுதட்டும். மகளிடமும் சொல்லிவிட்டேன்.

கரண்டி

மார்ச் 15

அடேய் மடையா,

சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சமையல்காரர் கையில சுக்கானைக் குடுத்தது யாரு சார்?" என்றாள்.

"நான்தாம்மா."

"அப்போ தப்பு உங்களுதுதானே?"

விசாரணைக்கு உட்கார்ந்த மூன்று பெரிய மனிதர்களைவிட இவள் கெட்டிக்காரி! சுக்கானை உன்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன் என்று அன்று தெரிந்திருந்தால் லைசென்ஸைப் பிடுங்கியதோடு விட்டிருப்பார்களா? கம்பி எண்ண வைத்திருப்பார்கள். உன்னைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்றா நினைத்தாய்? என் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேனடா! நீ நன்றிக்கடனில் குன்றிப்போய் முப்பது வருடம் ஒளிந்திருக்கிறாய். எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

லைசென்ஸ் போனதும் சைக்கிள் கடை வைத்தேன். எதிர்த் தையல் கடைக்காரி வாரம் தவறாமல் பஞ்சர் என்று வந்தாள். ஐந்தாவது வாரம் டயரில் தையல் ஊசி கிடைத்தது. அடுத்த மாதமே கல்யாணம்.

என் கோபமெல்லாம் அதில்தான். பத்திரிகை அனுப்பியும் நீ வரவில்லை. கடைசிப் பந்தி எழும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலும் வாயில் வைக்க விளங்கவில்லை.

இன்னும் கோபத்தோடு,
சுக்கானி

மார்ச் 19

என் சுக்கானிக்கு,

கடிதத்தை மகள்தான் உரக்கப் படித்தாள். "அப்பா, அழறியா சிரிக்கிறியா?" என்றாள். எனக்கே தெரியவில்லை.

உன் கல்யாணத்தன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவன் நான்.

ஞாயிறு காலை வருகிறேன். தங்கச்சியை அடுப்புப் பக்கமே வர வேண்டாம் என்று சொல். பாத்திரங்களை நானே கொண்டுவருகிறேன். கல்யாணத்துக்கு வந்தவர்களில் இன்னும் ஊரில் இருப்பவர்கள் எல்லோரையும் கூப்பிடு. அந்தப் பெண்ணையும்தான்.

எத்தனை இலை என்று மட்டும் உடனே எழுது.

கரண்டி