கையை மட்டும் ஆட்டினேன்

மார்ச் 4, செவ்வாய்

ரத்த அழுத்தம் நூற்று அறுபது. டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, இருபத்தாறு வருடம் என்றேன். அதில் என்ன பதற்றம் என்றார். எனக்கு ஒன்றுமில்லை, உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான்.

போன வாரம் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடம் விடாமல் மணியை அடித்தார். அவரிடம் நான் சொன்னதை அப்படியே எழுதிப் புகாராகக் கொடுத்திருக்கிறார். எழுத்தில் படிக்க நன்றாக இல்லை. தியான வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் புகாரை மூடிவிடலாம் என்கிறார் மேனேஜர்.

மார்ச் 8, சனி

ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. ஒன்பது பேர். நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மற்ற நாட்களில் நீச்சல் கோச்சாம். மூச்சைக் கவனியுங்கள், மனசு வேறெங்காவது போனால் கோபப்படாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான் என்றார். இதற்கு ஒரு வகுப்பு.

பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போய், எழும்போது பக்கத்திலிருந்த பல் டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு நீல வெளிச்சம் தெரிந்ததாம். எனக்கு இருட்டுத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் முதல் நாள். ஒரு நினைப்பும் வரக்கூடாது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். ஏழு நிமிடம். வந்தவை: எட்டாவது மாடிக் கதவின் கீல், மாற்ற வேண்டிய கம்பிவடம், பல் டாக்டர். மனதைத் திட்டினேன். அது திருப்பித் திட்டியது. என் வார்த்தைகளையே பயன்படுத்தியது.

மார்ச் 13, வியாழன்

இருபது நிமிடம். ஒரு நினைப்புகூட இல்லை. ஐந்தே நாளில் இது சாதாரணமில்லை. குறட்டைச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது என்கிறாள் மனைவி. ஆழ்நிலையில் மூச்சு அப்படித்தான் மாறும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இதெல்லாம் புரியாது.

மார்ச் 15, சனி

எனக்கும் வெளிச்சம் தெரிந்தது. நீலம், ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. விரலால் இமையை அழுத்தினால் நன்றாகத் தெரிகிறது. வகுப்பில் சொன்னேன். கண்ணை அமுக்காதீர்கள், கெட்டுவிடும் என்றார் கோச். பல் டாக்டருக்கு இப்போது தங்க நிறமாம்.

மார்ச் 19, புதன்

வீட்டில் சில ஒழுங்குகள் கொண்டுவந்திருக்கிறேன். மாலை ஆறரை முதல் ஏழரை வரை டிவி, மிக்ஸி, போன் எதுவும் கூடாது. எழுந்தபின் அரை மணி நேரம் என்னிடம் பேசவும் கூடாது. கிடைத்த அமைதி சிந்திவிடும். ஒன்பதுக்குப் படுத்துவிடுவேன். காலையில் அவள் எழுவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுகிறேன்.

இருமலாமா என்று கேட்டாள். அவசியமென்றால் பால்கனிக்குப் போய் இருமலாம் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று ஒரு சோதனை. உட்கார்ந்து கால் மணிகூட ஆகவில்லை, மனைவி வந்து, "என்னங்க, ஒரு விஷயம்" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் திறங்களேன் என்றாள். அசையவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். போய்விட்டாள். பழைய ஆளாக இருந்தால் கத்தியிருப்பேன். பெரிய முன்னேற்றம். முப்பத்தைந்து நிமிடம்.

மார்ச் 27, வியாழன்

மறுபடியும் வந்தாள். மறுபடியும் கை.

மார்ச் 28, வெள்ளி

இன்று பேசவில்லை. வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். நிற்பது தெரிந்தது. கையைக்கூட ஆட்டவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மனைவி முகத்தில் ஒரு வாரமாக ஏதோ பதற்றம். நீயும் தியானம் பண்ணலாமே என்று யோசனை சொன்னேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சொன்னதை ஏற்றுக்கொள்கிற பக்குவம் அவளிடம் உண்டு.

ஏப்ரல் 5, சனி

சான்றிதழ் கிடைத்தது. மேனேஜர் பார்த்துவிட்டுப் புகாரை மூடினார்.

வீட்டுக்கு வந்தால் கட்டில் மேல் பெரிய பெட்டி திறந்து கிடக்கிறது. அவளுக்குத் தலைமையாசிரியர் பதவி வந்திருக்கிறது. ரயிலில் நான்கு மணி நேரம் தள்ளி ஒரு பள்ளி. மூன்று வருடம். பத்து நாளைக்குள் பதில் தரவேண்டும் என்றார்களாம், கையெழுத்துப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை சேருகிறாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன்.

"கேட்கத்தான் மூணு தடவ வந்தேன். கண்ண மூடிட்டு இருந்தீங்க."

"திறக்கச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். போங்கற மாதிரி கைய ஆட்டினீங்க."

கத்தவில்லை. சட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். இன்று உட்காரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஸ்டேஷனில் பெட்டியை நான்தான் ஏற்றினேன். கனமாக இருந்தது. குளிர்காலத்துப் போர்வையையும் எடுத்துக்கொண்டு போகிறாள்.

வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். பத்து நாளாகவே தெரியுமாம். எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்றேன்.

"பூனை கண்ண மூடிக்கிட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பழமொழியை முடிக்கவில்லை. எனக்கும் தெரிந்த பழமொழிதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒரு மணி நேரம். வீட்டில் ஒரு சத்தமில்லை. மிக்ஸி இல்லை, இருமல் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

நல்லாத்தானே இருக்கு. என்ன குறைச்சல் இப்ப? அவ கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம். தோளப் புடிச்சு உலுக்கியிருக்கலாம். நான் என்ன செவிடா — சோறு போட்டுக்கிட்டே சொல்லியிருக்கலாம் — பேசக்கூடாதுன்னு யாரு சொன்னது?

நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒன்றரை மணி நேரம்.

ஏப்ரல் 12, சனி

ஒன்றரை மணி நேரக் கணக்கை வகுப்பில் சொன்னேன். பல் டாக்டர் முகம் சுருங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு எனக்குச் சந்தோஷமாக இல்லை. எல்லோரும் போனபிறகு கோச் என்னை நிறுத்தினார். எதற்காக இவ்வளவு நேரம் என்றார். அமைதிக்காக என்றேன்.

"வீட்டுல யாரு சார் சத்தம் போடறாங்க?"

யாருமில்லை, தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். பிறகு, அவர் கேட்காமலே, மனைவி ஊருக்குப் போனதையும் கை ஆட்டியதையும் சொன்னேன். அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க ஒளிஞ்சுக்கறீங்க சார். நிறைய பேர் செய்யற தப்புதான். பத்து நிமிஷம் போதும். மிச்ச நேரத்துல அவங்களுக்குப் போன் பண்ணுங்க."

சான்றிதழ் கொடுத்தபிறகு இதைச் சொல்கிறார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போன் செய்தேன். என்ன விஷயம் என்று கேட்டாள். விஷயம் ஒன்றும் இல்லை. மூன்று நிமிடம்.

ஏப்ரல் 17, வியாழன்

ஐந்தாவது மாடியில் ஒரு பெண் மாட்டிக்கொண்டார். மேலே ஆட்கள் வேலை பார்க்க, நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்து அவர் பேச ஆரம்பித்தார். மூடின இடமென்றால் சின்ன வயதிலிருந்தே பயமாம். அக்கா ஒருமுறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாளாம். நான் உம் கொட்டினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. இருபத்தைந்து நிமிடம். வெளியே வந்து நன்றி சொன்னார். மோட்டாரைச் சரிசெய்தது நானில்லை என்று சொல்ல நேரமில்லை.

மாலையில் மனைவிக்குப் போன் செய்து, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டுவிட்டு உம் கொட்டினேன். கணக்கு வாத்தியார் தினமும் தாமதமாக வருகிறார். கூரை ஒழுகுகிறது. முதல் நாள் கூட்டத்தில் பேசும்போது அவளுக்குக் கை நடுங்கியதாம். அது எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடத்தில் அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பார்க்கவில்லையா, நடுங்கவில்லையா?

ஏப்ரல் 26, சனி

நேரில் போனேன். பள்ளிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு ஜன்னல், அதை ஒட்டி மேஜை. எல்லாம் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எனக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை.

என் மேல் கோபமா என்று கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"கோபம்லாம் இல்ல. நீங்க இல்லாம பழகிட்டேன். அதுதான் எனக்கே பயமா இருக்கு."

மன்னிச்சுக்கோ என்றேன். தலையாட்டினாள். சரி என்கிற ஆட்டலா, பார்க்கலாம் என்கிற ஆட்டலா, தெரியவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் கண்ணை மூடவே முடியவில்லை.

மே 10, சனி

இன்றும் போனேன். போன வாரமும் போனேன். வகுப்புக்குப் போவதில்லை. பல் டாக்டரின் வெளிச்சம் இப்போது என்ன நிறமென்று தெரியாது.

மே 24, சனி

அவள் பேசினாள். குறுக்கே இரண்டு யோசனை சொன்னேன். "கேட்டா மட்டும் சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அவள் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் ஆனபிறகும் ஒரு வகுப்புக்கு அறிவியலை விடாமல் வைத்திருக்கிறாள். மேஜையில் விடைத்தாள் கட்டு. "இதக் கேளுங்க" என்றாள். கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

கேள்வி: ஒலி பரவுவதற்கு எது தேவை?

ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: கேட்பதற்கு ஒரு ஆள் தேவை.

இதற்கு முழு மார்க் போடலாம் என்றேன். "ஊடகம்னு எழுதணும். தப்பு தப்புதான்" என்று சுழியம் போட்டாள். அரை மார்க்காவது என்றேன். யாருமில்லாத காட்டில் மரம் விழுந்தாலும் ஒலி பரவும் என்றாள். அங்கே போய்ப் பார்த்தது யார் என்றேன். காபி ஆறிப்போகிற வரைக்கும் வாதாடினோம். அவள் சிரித்தாள், ஆனால் மார்க்கை மாற்றவில்லை.

நான்கு மணி ரயிலில் திரும்பவில்லை. மேனேஜருக்குப் போன் செய்து நாளைக்கு லீவு கேட்டேன். உடம்புக்கு என்ன என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பேச்சு பாக்கி இருக்கிறது என்றேன்.