எட்டு மணி மாத்திரை

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே வெயில். தண்ணீர் ஒரு லிட்டர் ஆச்சு, இன்னும் இரண்டு பாக்கி.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் போன். கிரியாட்டினின் 1.8. ஏற ஏற கிட்னி சோர்கிறது என்று அர்த்தம். போன மாதம் 1.3, அதற்கு முன் 1.1. ரத்தத்தில் டாக்ரோ மாத்திரை லெவல் மட்டும் மூன்று மாதமாக அதிகம் என்றே வருகிறது. அதனால் இரண்டு தரம் மாத்திரையைக் குறைத்துவிட்டார். குறைத்தும் ஏன் இப்படி என்று என்னையே கேட்கிறார். எனக்கென்ன தெரியும்.

வீட்டுக்காரர் கொடுத்த கிட்னியை என் உடம்பு வெளியாள் என்று விரட்டிவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த டாக்ரோ. கூடினாலும் கிட்னிக்குக் கேடு, குறைந்தாலும் கேடு. சாம்பாரில் உப்பு மாதிரி.

இந்த வாரமே இன்னொரு தரம் லெவல் பார்க்கணுமாம். சரியில்லை என்றால் கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதிப்பார்களாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டை நகர்த்திவிட்டார். இரண்டு வருஷம் முன் எனக்காகக் கிட்னியை எடுத்த மூன்றாம் நாள் பிரியாணி கேட்ட மனுஷன்.

வாங்க: மாஸ்க், அக்கா மகளுக்குக் கண்ணாடி வளையல், கேப்பை மாவு.

ஜூலை 16, புதன். திண்டிவனம்.

அக்கா மகள் வளைகாப்பு. நாளை ஆடி பிறக்கிறது, அதனால் இன்றே. கெடார் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர் ஜன்னலோர சீட்டு, மாஸ்க், தண்ணீர் பாட்டில் என்று ஆயிரம் பத்திரம் சொன்னார். அவருக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. பஸ்ஸை அனுப்புகிற மாதிரியே என்னையும் அனுப்பினார்.

மாஸ்க்கோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒருத்தி: "இவளுக்குத்தான் புருஷங்காரன் கிட்னி குடுத்தானாம். ஆம்பள குடுத்து நான் கேள்விப்பட்டதே இல்ல." திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது. புளிசாதம் நன்றாக இருந்தது.

ஜூலை 17, வியாழன். திண்டிவனம்.

எழுதவே கை வரவில்லை.

காலை சரியாக எட்டுக்கு அவர் போன், மாத்திரை போட்டாயா என்று. போட்டேன். ஒன்பதுக்கு இங்கே ஒரு லேப். கையில் ரப்பரைக் கட்டிவிட்டுக் கடைசி மாத்திரை எப்போது என்று அந்தப் பெண் கேட்டாள். எட்டு மணிக்கு, ஒரு நிமிஷம் தவறாமல் என்றேன், பெருமையாக. ரப்பரை அவிழ்த்துவிட்டாள்.

"போட்டுட்டு எடுத்தா ஏறுன லெவல்தான் காட்டும்க்கா. காலைல மாத்திர போடறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுக்கணும். யாருமே சொல்லலியா?"

சொல்லியிருக்கிறார்கள். பைலில் பார்த்தேன், டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கிறது. பாண்டிக்குப் போய்க்கொண்டிருந்த வரை ஏழரைக்கே ரத்தம் எடுத்துவிடுவார்கள், பிரச்சினை வரவில்லை. மூன்று மாதமாகத்தான் விழுப்புரம் லேப். திறப்பதே ஒன்பதுக்கு. அதன் வாசலில் நின்றபடி எட்டடித்ததும் அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மாத்திரையை என் கையில் வைப்பார். நேரம் தவறக் கூடாது என்று சிஸ்டர் சொன்னது மட்டும் டைம் கீப்பர் காதில் விழுந்திருக்கிறது. எனக்கும்தான்.

ஆக, லெவல் கூடவே இல்லை. கூடிவிட்டதென்று நம்பிக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

ஜூலை 18, வெள்ளி

எட்டுக்கு போன். போட்டேன் என்று பொய் சொன்னேன். ஒன்பதுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போட்டேன். சாம்பிள் சென்னைக்குப் போகிறது.

அக்கா கோயிலுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை.

ஜூலை 19, சனி. கெடார்.

லெவல் 3.2. ஆறுக்குக் குறையக் கூடாது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. நாளைக்கே அட்மிட், சதை எடுத்ததுமே மூன்று நாள் ஊசி.

அவரிடம் எப்படிச் சொல்வது. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், விழுப்புரம் லேப் தப்பு என்று சொல்லிவிடலாம். சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், லேப்காரரைக் கேட்காமல் விடமாட்டாராம். பாவம், அந்த ஆள் எனக்கு வலிக்கக் கூடாதென்று எத்தனை தரம் நரம்பைத் தடவித் தடவிப் பார்த்தவர். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அப்போ என் கையாலதான் கெடுத்துக்கினு இருந்தேனா."

"நானுந்தாங்க முழுங்கிக்கினு இருந்தேன்."

"குடுத்ததும் நானு. வாங்கிக்கினு போறதும் நானா அமுதா."

அவர் மேல் துளிக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன், அவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். தலையை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். நரை நிறைய விழுந்திருக்கிறது.

ஜூலை 21, திங்கள். பாண்டி வார்டு.

சதைச் சோதனையில் விரட்டல் ஆரம்பம் என்று வந்திருக்கிறது. முற்றவில்லையாம். இரண்டாவது ஊசி. வாயெல்லாம் கசப்பு, முகம் பூரி. அவர் லீவு போட்டுவிட்டுக் கீழே பாய் விரித்திருக்கிறார்.

மாத்திரை டப்பாவைத் தொட மாட்டேன் என்கிறார். சிஸ்டரிடம் கேட்டுப் போடு, என்னிடம் கேட்காதே என்கிறார். நேற்றிலிருந்து இதே பேஜாரு. இன்று காலை டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, நீங்கள் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவேன் என்றேன். ரத்தம் எடுத்தாச்சா என்று என்னை ஒரு தரம், சிஸ்டரை இரண்டு தரம் கேட்டார். அப்புறம் குனிந்து எடுத்தார். ஒரு மாத்திரை தரையில் போச்சு. வேறொன்று கொடுத்தார்.

ஜூலை 23, புதன்

தூறல். நேற்றோடு ஊசி மூன்றும் முடிந்தது. இட்லி இரண்டு உள்ளே போனது.

பதினொரு மணிக்கு கிரியாட்டினின் ரிசல்ட். தாளை அவரிடம் நீட்டினேன், வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு என்னைப் படிக்கச் சொன்னார்.

1.4.

இன்னொரு தரம் என்றார். படித்தேன். தோள் குலுங்கியது. இன்னொரு தரம் என்றார்.