மூன்று கூட்டி எழுதிய எண்

லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. அதற்கு மேசையில் இடம் பண்ணும்போது உன் தெர்மாகோல் பெட்டி கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்தால் இன்னும் பூண்டு வாசம். உன் மாமியார் வீட்டுப் பூம்பாறைப் பூண்டை ரத்தக் குழாய்களோடு ஒரே பெட்டியில் வைக்காதே என்று எத்தனை தடவை உன்னோடு மல்லுக்கட்டியிருப்பேன். "எடம் சும்மாத்தானலே கெடக்கு" என்பாய். கடைசிவரை நீ கேட்கவேயில்லை.

அப்போது நம் ஊர் ஆஸ்பத்திரி லேபில் சாதாரண ரத்த அணு எண்ணிக்கை மட்டும்தான். மற்ற சோதனைகளுக்கெல்லாம் ரத்தம் மலை இறங்கித் திண்டுக்கல் போக வேண்டும். நீ ஓட்டிய முதல் பஸ்ஸில், உன் சீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி போகும். நான் வெள்ளனே ஸ்டாண்டுக்கு ஓடிவருவேன். இன்ஜினை உறுமவிட்டபடி கேட்பாய்: "ஏலே ஊசி, இன்னைக்கு எத்தன பேரு டிக்கெட் எடுக்காம எறங்குறாங்க?" நான் குழாய்களின் எண்ணிக்கையைச் சொன்னால், கண்டக்டரிடம் அதையும் சேர்த்துக் கத்துவாய். எனக்கு எரிச்சலாக வரும். பஸ் கிளம்பியதும் சிரிப்பேன்.

ஒரு மழைநாளில் டீக்கடையில் கேட்டாய், அந்தக் குழாயில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வைரஸ் காய்ச்சல் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். முக்கால்வாசிப் பேர் கஞ்சி குடித்து எழுந்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் நெஞ்சுக்குள் இறங்கும். அது யாருக்கு என்று, மூச்சு வாங்குவதற்கு முன்பே ரத்தம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். சிஆர்பி, டி-டைமர் என்கிற அளவுகள் ஏறும், லிம்போசைட் என்கிற வெள்ளணு சரியும். எதையும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முன்கூட்டியே ஒரு துப்புக் கிடைக்கும்.

"தெரிஞ்சு என்ன செய்றது?"

"வெரசா கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்."

கிளாஸை வைத்துவிட்டு, "அப்பச் சரி. தெரிஞ்சுக்கிறது உன் சோலி, கொண்டுபோறது என் சோலி" என்றாய். அதற்குமேல் நீ யோசிக்கவில்லை. நானும்தான்.

உனக்குக் காய்ச்சல் வந்த நாலாம் நாள் லேபுக்கு வந்தாய். மஃப்ளரைக் கழற்றாமலே உட்கார்ந்து, "நானே ஒரு குழாயாயிட்டேன்லே" என்றாய். லேசான இருமல்தான். விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினேன். தொண்ணூறு காட்டியது. உன் விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

இதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்த ஊர்க் குளிரில் விரல் சில்லிட்டுப் போனால் கிளிப் குறைத்துத்தான் காட்டும். மலை மேல் எல்லோருக்குமே எண் ஒரு பிடி குறைவாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு மூன்று கூட்டி எழுதுவது எங்கள் கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நான் வேலைக்கு வந்தபோதே அப்படித்தான். உன் மருத்துவச் சீட்டில் தொண்ணூற்று மூன்று என்று எழுதினேன். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு இன்னொரு தடவை பார்க்க இரண்டு நிமிஷம் போதும். வெளியே பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். நீதானே, உனக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

டாக்டர் தொண்ணூற்று மூன்றைப் பார்த்து மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அப்போதே எடுத்து வைத்திருந்த உன் ரத்தத்தைச் சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். லிம்போசைட்டைத் தேட வேண்டியிருந்தது. வைரஸ் காய்ச்சலில் குறையத்தானே செய்யும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் உன் குழாய் உன் பெட்டியில், வேறொரு டிரைவரின் பக்கத்தில் இறங்கியது. எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை.

மத்தியானம் திண்டுக்கல்லிலிருந்து போனில் எண்களைச் சொன்னார்கள். எல்லாமே ஏறிக் கிடந்தன. நான் உன் வீட்டுக்கு வருவதற்குள் உன்னால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை.

ஆம்புலன்ஸில் உன் காலடியில் உட்கார்ந்து வந்தேன். முகத்தில் மாஸ்க், கண் மூடியிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போர்வைக்குள் உன் வலது கால் அழுந்தியது. பிரேக் போட்டுக்கொண்டே வந்தாய். வத்தலக்குண்டு தாண்டியதும் அந்தக் கால் அசையவில்லை. சமவெளி வந்துவிட்டதால்தான் என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி கேட்டாள்: "அண்ணே, அன்னைக்கு நீங்கதான ரத்தம் எடுத்தீங்க. ஒண்ணுமே தெரியலையாண்ணே?"

"தெரியலம்மா" என்றேன்.

பொய் சொன்னேன். தொண்ணூறு என்று எழுதியிருந்தால் டாக்டர் அன்றைக்கே அனுப்பியிருப்பார். அனுப்பியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? அவரிடமே கேட்டேன். "அது யாருக்கும் தெரியாதுங்க, அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. தண்டனையாகவும் இல்லை. எதுவாகவும் இல்லாமல்தான் இத்தனை வருஷமும் கிடக்கிறது.

இந்த மெஷினுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும், கால் மணி நேரத்தில் சிஆர்பியும் டி-டைமரும் சொல்லிவிடும். பஸ் வேண்டாம், பெட்டி வேண்டாம். இன்று காலை வில்பட்டியிலிருந்து கேரட் கழுவும் அம்மா ஒருவர் மகளோடு வந்தார். மூன்று நாள் காய்ச்சல். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடேறும்வரை பிடித்திருந்தேன். "எதுக்கு சார் கையப் பிடிச்சுக்கிட்டு" என்று அவர் கூச்சப்பட்டார். பிறகு கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றொன்று என்றே எழுதினேன். மெஷின் சொன்ன இரண்டு எண்களும் ஏறியிருந்தன. உடனே கீழே அனுப்பச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் இன்னொரு நோயாளியோடு திண்டுக்கல் போயிருந்தது. திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். சீசன் கூட்டம், மலைப்பாதையில் வண்டிகள் நகரவில்லை. மூன்று டாக்சிக்காரர்களைக் கேட்டேன், காய்ச்சல் கேஸ் என்றதும் நழுவினார்கள். அந்த மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றி அனுப்பியபோது மணி ஒன்று. ஏறும்போது அந்த அம்மாவின் கை மறுபடியும் சில்லிட்டிருந்தது. இதுவரை போன் வரவில்லை.

என் சோலியை இன்று ஒழுங்காகத்தான் செய்தேன். தெரிந்துகொண்டேன். கொண்டுபோகத்தான் நீ இல்லை.